மாரோவிண்டில் மந்திரம் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கோடை விடுமுறைக்கு அக்கா பையன் பெரம்பூருக்கு வந்திருந்தான். மாடி அறையில் என் பழைய லேப்டாப்பில் மாரோவிண்ட் என்ற கணினி விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் மிருகங்களின் ஆன்மாவை சோல் ஜெம் என்ற கல்லில் அடைத்து, அதைக் கொண்டு மோதிரத்திலோ வாளிலோ மந்திரம் ஏற்றலாம். நான் டீ எடுத்துக்கொண்டு மேலே போனபோது முகம் சுண்டி உட்கார்ந்திருந்தான். ஒரே மோதிரம், ஏழு சோல் ஜெம், ஏழும் போய்விட்டன. "மாமா, எனக்குக் கை ராசியே இல்ல" என்றான். நான் திரையின் இடது கீழ் மூலையைப் பார்த்தேன். சிவப்பு நிறைவாக இருந்தது, நீலம் நிறைவாக இருந்தது, பச்சைக் கோடு மட்டும் நூல் அளவுக்கு இருந்தது. விளையாட்டில் வரும் கல்டெரா ஊரிலிருந்து பல்மோரா ஊர்வரை ஒரே ஓட்டமாக ஓடி வந்து, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் மந்திரம் ஏற்ற உட்கார்ந்திருக்கிறான்.

இதே கோளாறை நண்பர்களுக்கும், கீழ் வீட்டுத் தம்பிக்கும், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் பலமுறை பார்த்துக் கொடுத்திருக்கிறேன். பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் இரண்டு மூன்றுதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு அதிகமானது கடைசியில். மேலிருந்து வரிசையாகப் பாருங்கள், தாவ வேண்டாம்.

## எதைத் தொடும் முன்பும்

இரண்டு வேலைகள். முதலாவது, சேவ் செய்யுங்கள். எஃப்5 அழுத்தினால் போதும், தோற்றால் எஃப்9. இந்த விளையாட்டில் மந்திரம் ஏற்றுவது தோற்றால் மோதிரமோ வாளோ உங்களிடமே இருக்கும், ஆனால் சோல் ஜெம்மும் அதில் இருந்த ஆன்மாவும் போய்விடும். கோல்டன் செயின்ட் என்ற பலசாலிப் பிசாசை அடித்து அதன் ஆன்மாவை அடைத்த கல் ஒரு நொடியில் காணாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று திரையில் வரச் செய்யுங்கள். 2002இல் வந்த அசல் விளையாட்டில் அந்த எண் தெரியாது. இருட்டில் கல் விட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச என்ஜினில் ஓட்டினால் அதன் லாஞ்சரில், செட்டிங்ஸ் பகுதியில் "ஷோ என்சான்ட் சான்ஸ்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதலில் அது டிக் ஆகாமல் இருக்கும். டிக் செய்துவிட்டால் மந்திரம் ஏற்றும் திரையிலேயே வாய்ப்பு தெரியும். நீங்கள் ஒரு எண்ணைக் கூட்டிக் குறைக்கும்போதே அது ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஓபன்எம்டபிள்யூவுக்கு அசல் விளையாட்டின் கோப்புகள் வேண்டும். அவை இருந்தால் மற்றது இலவசம்தான். என்னுடைய பழைய லேப்டாப்பிலேயே நன்றாக ஓடுகிறது. என்னைக் கேட்டால், இந்த ஒரு டிக் கீழே நான் எழுதியிருப்பதில் பாதிக்குச் சமம்.

## அறிகுறி 1: திரும்பத் திரும்பத் தோல்வி

### பச்சைக் கோடு குறைந்திருக்கிறதா?

முதல் சந்தேகம் இதன்மேல்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் சரிசெய்யக் காசே வேண்டாம். பச்சைக் கோடு காட்டுவது உங்கள் களைப்பை. அது உங்கள் வாய்ப்பை நேராகப் பெருக்குகிறது. பச்சைக் கோடு காலியாக இருந்தால் பெருக்கும் எண் 0.75, முழுதாக இருந்தால் 1.25. நடுவில் இருந்தால் அதற்கேற்ற எண். களைப்பைச் சேர்க்கும் முன் உங்கள் வாய்ப்பு 40 என்று வைத்துக்கொண்டால், மூச்சு வாங்கும்போது ஏறத்தாழ 30, ஓய்வெடுத்த பிறகு 50. அதே ஆள், அதே மோதிரம், அதே கல்.

டி (T) விசையை அழுத்தி விளையாட்டுக்குள் ஒரு மணி நேரம் காத்திருங்கள். ஊருக்குள் படுத்துத் தூங்க விடாது, காத்திருக்க மட்டும் விடும். களைப்புத் தீர அதுவே போதும். கோடு முழுசாக நிறையவில்லையென்றால் இன்னொரு மணி நேரம். அக்கா பையனுக்கு நான் செய்தது இவ்வளவுதான். பழைய சேவைத் திறக்கச் சொன்னேன், டி அழுத்தச் சொன்னேன். இரண்டாவது தடவையிலேயே மோதிரம் ஏறிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

### கோடு நிறைவாக இருந்தும் தோல்வியா? எண்களில் சிவப்பு இருக்கிறதா பாருங்கள்

மௌஸின் வலது பொத்தானை அழுத்தி உங்கள் விவரப் பலகையைத் திறங்கள். இன்டலிஜென்ஸ் (அறிவு), லக் (அதிர்ஷ்டம்), என்சான்ட் (மந்திரம் ஏற்றும் திறமை) இந்த மூன்றில் ஏதாவது சிவப்பு நிறத்தில் இருந்தால், ஏதோ ஒரு மிருகமோ நோயோ அதைக் குறைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். சண்டை முடிந்து நேராக வந்தவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. நோயென்றால் நோய் தீர்க்கும் மருந்து, அடிபட்ட எண்ணென்றால் அந்தப் பண்பை மீட்டுக் கொடுக்கும் மருந்தோ மந்திரமோ. அது சரியான பிறகுதான் அடுத்த படி.

### ஒரு பொருளிடம் அளவுக்கு மேல் கேட்கிறீர்களா?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மந்திரம் ஏற்றும் திரையில் "இத்தனைக்கு இத்தனை" என்று இரண்டு எண்கள் தெரியும். இரண்டாவது, பொருள் எவ்வளவு தாங்கும் என்பது. முதலாவது, நீங்கள் அதன்மேல் எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்பது. உங்கள் வெற்றி வாய்ப்பைத் தின்பது முதல் எண். பொருள் தாங்குகிறதே என்பதற்காக முழுவதையும் நிரப்ப வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. எக்ஸ்க்விசிட் என்ற உயர்ந்த வகை மோதிரம் 120 புள்ளி தாங்கும். ஆனால் என்சான்ட் திறமை 40இல் இருப்பவர் 120ஐயும் நிரப்பப் பார்த்தால் நூறு கல் போட்டாலும் ஏறாது.

எப்படிக் குறைப்பது? முதலில் நேரத்தைக் குறையுங்கள். அறுபது நொடி என்று வைத்ததை இருபது ஆக்கினால் புள்ளி சரசரவென்று இறங்கும். பொருளைத் திரும்ப ஒருமுறை பயன்படுத்தினால் இன்னொரு இருபது நொடி கிடைக்கிறது, நஷ்டமில்லை. அடுத்தது பரப்பு. உங்களுக்காக மட்டும் செய்யும் மந்திரத்துக்குப் பரப்பு வேண்டவே வேண்டாம், சுழியம் ஆக்குங்கள். அடுத்தது குறி. தூரத்தில் எறியும் வகை, தொட்டுச் செய்யும் வகையைவிட ஒன்றரை மடங்கு விலை. பக்கத்தில் போய்த் தொட முடியும் என்றால் தொடும் வகையையே வையுங்கள்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. ஒரே பொருளில் இரண்டு மூன்று விளைவுகளைச் சேர்க்கும்போது வரிசைக்குக் கணக்கு உண்டு. முதலில் சேர்த்ததன் விலை, பின்னால் சேர்க்கும் ஒவ்வொன்றோடும் மறுபடி கூடுகிறது. அதனால் மலிவானதை முதலில் சேருங்கள், விலை கூடியதைக் கடைசியில். கீழ் வீட்டுத் தம்பி ஒரு கழுத்தணியில் மூன்று விளைவுகளைத் தலைகீழ் வரிசையில் சேர்த்து வைத்திருந்தான். மூன்றையும் எடுத்துவிட்டு மாற்றி அடுக்கினோம். எதையும் குறைக்காமலே வாய்ப்பு ஏறியது. "அண்ணே, ஒரே சாமான்தானே, எப்படி?" என்று இரண்டு தடவை கேட்டான். சட்டியில் எதை முதலில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து ருசி மாறுவதில்லையா, அப்படித்தான் என்றேன்.

### "எப்போதும் இயங்கும்" வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா?

கான்ஸ்டன்ட் எஃபெக்ட் என்று போட்டாலே உங்கள் வாய்ப்பு பாதியாகிவிடும். மேலே 50 என்று பார்த்தோமே, அது 25. அதோடு புள்ளிகளும் மிகவும் கூடும். இரண்டும் சேர்ந்து அடிப்பதால்தான் புதிதாக விளையாடுபவர்கள் இதில் கை வைத்துக் கண் கலங்குகிறார்கள். பயன்படுத்தும்போது மட்டும் இயங்கும் வகையில் உங்கள் வேலை முடியுமா என்று முதலில் யோசியுங்கள். நீருக்கடியில் மூச்சு விடுவது, பறப்பது, பூட்டுத் திறப்பது எல்லாவற்றுக்கும் அந்த வகையே தாராளம்.

கான்ஸ்டன்ட்தான் வேண்டும் என்றால் புள்ளியைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. விளைவின் அளவுக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்கள் வைக்கலாம். புள்ளி இரண்டையும் சேர்த்துக் கணக்காகிறது. குறைந்தபட்சத்தை 1 ஆக்கி அதிகபட்சத்தை மட்டும் உயரமாக வைத்தால் விலை குறையும். மோதிரத்தை மாட்டும்போது நடுவில் ஏதோ ஒரு எண் விழும். சின்ன எண் விழுந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள், புது எண் விழும். பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல வழி.

### இதெல்லாம் சரி, இன்னும் வாய்ப்பு குறைவா? அறிவைக் கொஞ்சம் ஏற்றுங்கள்

கணக்கில் என்சான்ட் திறமை முழுசாகச் சேருகிறது. இன்டலிஜென்ஸ் அதில் ஒரு பங்கு, லக் அதைவிடச் சிறிய பங்கு. லக்கை நம்பி யாரும் மந்திரம் ஏற்றியதில்லை. இன்டலிஜென்ஸைத் தற்காலிகமாக ஏற்றுவது மலிவு. ஆஷ் யாம், ப்ளோட் என்ற இரண்டு மூலப்பொருள்களையும் உரலில் சேர்த்தால் அறிவு கூட்டும் மருந்து கிடைக்கும். ரசவாதத் திறமை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்றபடி மருந்தின் வேகம். குடித்துவிட்டு, மெனுவை மூடி, எண் ஏறியதைப் பார்த்து, உடனே சோல் ஜெம்மை எடுங்கள். மெனு திறந்திருக்கும்போது நேரம் ஓடாது, அதனால் மருந்து தீர்ந்துவிடும் என்று பதற வேண்டாம்.

மருந்தைக் குடித்து அந்த அறிவோடு அடுத்த மருந்தைக் காய்ச்சி, அதைக் குடித்து இன்னொன்றைக் காய்ச்சி என்று அடுக்கிக்கொண்டே போகலாம் என்பது பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படிச் செய்தால் எதுவும் தோற்காது. நான் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். அதற்கு மேல் போனால் அந்த உலகத்தில் உங்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்த ருசியை இழந்து வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

### அடுத்தது பயிற்சி, பணம் செலவாகும்

திறமையையே வளர்க்க வேண்டிய கட்டம் இது. முக்கியத் திறமையாக என்சான்டை எடுத்தவர்களுக்குத் தொடக்கம் 30, சிறு திறமையாக எடுத்தவர்களுக்கு 15, மற்றவர்களுக்கு 5. ஹை எல்ஃப் இனத்துக்கு 10 கூடுதல், மந்திரப் பிரிவைச் சேர்ந்த வகுப்பென்றால் 5 கூடுதல். ஆக ஒருவர் 45இல் தொடங்கலாம், இன்னொருவர் 5இல் தொடங்குகிறார். 5இல் இருக்கும் வாள்வீரர் 45இல் இருப்பவர் செய்ததைப் பார்த்துவிட்டுத் தானும் செய்யப் பார்க்கிறார். அங்கே கோளாறு கல்லிலும் இல்லை, கையிலும் இல்லை.

பல்மோராவில் மேஜஸ் கில்ட் என்ற மந்திரவாதிகள் சங்கத்தில் கல்பெதிர் போன்றவர்கள் காசு வாங்கிக்கொண்டு கற்றுத் தருவார்கள். ஒரு கட்டத்தில் "இனி உனக்குச் சொல்லித்தர முடியாது" என்ற நிலை வரும். ஒன்று, அவரைவிட நீங்கள் முன்னே போய்விட்டீர்கள், வேறு ஆசான் வேண்டும். இல்லையென்றால், உங்கள் என்சான்ட் எண் இன்டலிஜென்ஸைத் தொட்டுவிட்டது. அந்தத் திறமையின் தாய்ப் பண்பு இன்டலிஜென்ஸ். அதற்கு மேல் எந்த ஆசானும் ஏற்ற மாட்டார். அடுத்த லெவல் ஏறும்போது இன்டலிஜென்ஸைக் கூட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

காசு இல்லையென்றால் சின்னச் சின்ன வேலைகளாகச் செய்து பழகுங்கள். மலிவான மோதிரம், எலியோ எலும்புக்கூடோ அடைத்த சின்னக் கல், ஓரிரு நொடி வெளிச்சம் தரும் மந்திரம். வெற்றியடையும் ஒவ்வொன்றும் திறமையை நன்றாகத் தள்ளிவிடும். மந்திரப் பொருள்களைப் பயன்படுத்துவதும் துளித் துளியாக ஏற்றும்.

### எப்போது கைதேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டும்

கல்லுக்குள் இருப்பது அரிதான ஆன்மா, வாய்ப்பு முப்பதைத் தாண்டவில்லை, மேலே சொன்னதெல்லாம் செய்தாயிற்று. அப்போது நீங்களே செய்யாதீர்கள். மந்திரம் ஏற்றுவதைத் தொழிலாகச் செய்பவரிடம் போங்கள். கல்லும் பொருளும் உங்களுடையது, கூலி அவருக்கு. அவர் கை தோற்பதே இல்லை. கூலி மட்டும் பல ஆயிரம் பொற்காசு, கான்ஸ்டன்ட் என்றால் இன்னும் பல மடங்கு. உங்கள்மேல் அவருக்கு எவ்வளவு பிடித்தம் இருக்கிறதோ அதைப் பொறுத்து விலை இறங்கும். நல்ல வார்த்தை பேசி, வேண்டுமானால் கொஞ்சம் காசு கொடுத்து நட்பாக்கிக்கொண்டு பிறகு விலை கேளுங்கள். பணத்துக்கு வழி தேடுபவர்கள் கல்டெராவில் கோராக் மாளிகைக்குப் போய் க்ரீப்பர் என்ற குட்டிப் பிசாசைப் பாருங்கள். அவனிடம் 5000 பொற்காசு இருக்கும், பொருளுக்குக் குறைக்காமல் முழு விலை தருவான்.

கூலி கொடுப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஃபியூஸ் போட்டுவிடுவோம், மீட்டர் பெட்டியில் கை வைக்க மாட்டோம். அந்த அளவுகோல்தான் இங்கேயும்.

## அறிகுறி 2: கான்ஸ்டன்ட் எஃபெக்ட் என்ற தேர்வே வரவில்லை

மந்திரத்தின் வகையை மாற்றும் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் அந்தப் பெயர் வராது. கோளாறு என்று நினைத்து விளையாட்டையே திரும்ப நிறுவியவர் என் அலுவலகத்தில் இருக்கிறார்.

காரணம் ஒன்றுதான். கல்லுக்குள் இருக்கும் ஆன்மாவின் மதிப்பு 400க்குக் குறையக் கூடாது. கல் பெரியதா என்பது பேச்சே இல்லை. கிராண்ட் சோல் ஜெம் 600 வரை தாங்கும். அதற்குள் நீங்கள் ஸ்டார்ம் அட்ரோனாக்கை அடைத்திருந்தால் மதிப்பு 150தான். விங்க்ட் ட்வைலைட் 300, அதுவும் போதாது. 400 தருபவை கோல்டன் செயின்ட், அசென்டட் ஸ்லீப்பர். கோல்டன் செயின்ட்டை அழைக்கும் மந்திரம் தெரிந்தவர்கள் அழைத்து, சோல் ட்ராப் என்ற ஆன்மா பிடிக்கும் மந்திரத்தைப் போட்டு, அடித்து அடைக்கலாம். அழைத்து வந்ததுதானே என்று கல் மறுக்காது.

ஒரு எச்சரிக்கை. கோல்டன் செயின்ட்டுக்கு மந்திரத்தைத் திருப்பி அனுப்பும் தன்மை உண்டு. உங்கள் சோல் ட்ராப் பட்டதா, திரும்பி உங்கள்மேலேயே விழுந்ததா என்று பார்த்துவிட்டு, வேண்டுமானால் இன்னொன்று போட்டுவிட்டு அடியுங்கள்.

## அறிகுறி 3: ஆன்மா கல்லுக்குள் போகவில்லை

மூன்று சோதனை, மூன்றும் எளிது.

மிருகம் சாகும் நொடியில் சோல் ட்ராப் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். பத்து நொடி மந்திரம் போட்டு முப்பது நொடி சண்டை போட்டால் என்ன ஆகும்? கடைசி அடிக்கு முன்னால் புதுப்பியுங்கள்.

அடுத்தது, கையில் இருக்கும் காலிக் கல் அந்த ஆன்மாவைத் தாங்குமா? சிறியதிலிருந்து பெரியதுவரை கற்களின் வகைகள்: பெட்டி (petty) 30, லெஸ்ஸர் 60, காமன் 120, கிரேட்டர் 180, கிராண்ட் 600. ஃப்ளேம் அட்ரோனாக் 105, காமனில் அடங்கும். ஃப்ராஸ்ட் அட்ரோனாக் 138, காமன் போதாது, கிரேட்டர் வேண்டும். தாங்கும் கற்களில் ஆகச் சிறியதை விளையாட்டே எடுத்துக்கொள்ளும். சின்னக் கல் எதுவும் கையில் இல்லையென்றால் மட்டும் எலி போய் உங்கள் கிராண்ட் கல்லில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் பெட்டி கல் நாலைந்து எப்போதும் பையில் இருக்கட்டும்.

மூன்றாவது, நீங்கள் அடித்தது மனிதரா? எல்ஃப், ஓர்க், கஜீத் யாராக இருந்தாலும் ஆட்களின் ஆன்மா இந்த விளையாட்டில் கல்லுக்குள் போகாது. வேறு விளையாட்டில் மனிதர் ஆன்மாவை அடைக்கும் கருப்புக் கல் பழகி வந்தவர்களுக்கு இது குழப்பம் தரும்.

இதில் அடிக்கடி சலித்துப் போகிறவர்களுக்கு திரும்பத் திரும்பப் பயன்படும் சோல் ஜெம்மான அஸூராவின் நட்சத்திரம் கிடைத்தால் பெரிய நிம்மதி. விளையாட்டு நடக்கும் வர்டென்ஃபெல் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் அஸூராவின் ஆலயத்தில் ஒரு பணி கொடுப்பார்கள், அதற்குப் பரிசு அது. மந்திரம் தோற்றாலும் உள்ளே இருந்த ஆன்மா மட்டும் போகும், நட்சத்திரம் மிஞ்சும்.

## அறிகுறி 4: நான் விரும்பும் விளைவு பட்டியலிலேயே இல்லை

அந்த விளைவைக் கொண்ட ஏதாவது ஒரு மந்திரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு மட்டமான மந்திரமாக இருந்தாலும் சரி. கடையில் ஆக மலிவானதைப் பார்த்து ஒன்று வாங்குங்கள். அதை உங்களால் வெற்றிகரமாகச் சொல்ல முடிகிறதா என்பது இங்கே தேவையே இல்லை. மந்திரமே வராத வாள்வீரர்கூட அதை மோதிரத்தில் ஏற்றலாம்.

## அறிகுறி 5: ஏறிவிட்டது, ஆனால் நாலு தடவையில் தீர்ந்துபோகிறது

பொருளின் இருப்பு என்பது நீங்கள் போட்ட ஆன்மாவின் மதிப்பு. 30 ஆன்மா போட்டுவிட்டு ஒரு தடவைக்கு 10 செலவாகும் மந்திரம் வைத்தால் மூன்று தடவைதான். புதிதாகச் செய்வதென்றால் பெரிய ஆன்மாவைப் போடுங்கள். செய்து முடித்தாயிற்று என்றால் காத்திருங்கள், பொருள் தானாக மெல்ல நிரம்பும். ஒரு பொருளை ஓய்வில் விட்டு இன்னொன்றைப் பயன்படுத்தும் பழக்கம் வந்துவிட்டால் இது ஒரு குறையாகவே தெரியாது. அவசரமென்றால் சோல் ஜெம் போட்டு நிரப்பலாம். அதுவும் திறமையைப் பொறுத்தது, அதுவும் தோற்கும், கல் போகும். சேவ் செய்துவிட்டுச் செய்யுங்கள்.

என்சான்ட் திறமை ஏற ஏற ஒரு தடவைக்கு ஆகும் செலவும் குறைந்துகொண்டே வரும். நூறை நெருங்கியவருக்குப் பத்தில் ஒரு பங்குதான் செலவு. பயிற்சிக்குக் கொட்டிய காசு இங்கேதான் திரும்பி வருகிறது.

## அறிகுறி 6: "பொருள் தாங்காது" என்று மறுக்கிறது

மேலே அறிகுறி 1இல் புள்ளி குறைக்கச் சொன்னதையெல்லாம் செய்துபாருங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் பொருளை மாற்றத்தான் வேண்டும். மோதிரத்திலும் கழுத்தணியிலும் எக்ஸ்க்விசிட் வகை 120. கவசங்களில் டேட்ரிக் டவர் ஷீல்ட் 225. பொருள் எவ்வளவு கனம், எவ்வளவு பளபளப்பு என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு விரலில் மாட்டும் மோதிரம் பெரிய இரும்புக் கவசத்தைவிட அதிகம் தாங்கும்.

## அறிகுறி 7: ஸ்கைரிமில் தோற்கவில்லை, ஆனால் பலமில்லை

இது வேறு விளையாட்டு. 2011இல் வந்த ஸ்கைரிமில் மந்திரம் ஏற்றுவது தோற்பதே கிடையாது, பலமில்லாமல் வரும், அவ்வளவுதான். கல்லின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஆன்மாவின் அளவைப் பாருங்கள். கல் கிராண்ட் என்று இருக்கும், உள்ளே பெட்டி ஆன்மா இருக்கும். அது சரியாக இருந்தால் என்சான்டர் என்ற பெர்க்கின் (லெவல் ஏறும்போது எடுக்கும் சிறப்புத் திறன்) ஐந்து படிகளையும் எடுத்தீர்களா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் நீலப் பட்டாம்பூச்சி இறகும் ஸ்னோபெர்ரியும் சேர்த்துக் காய்ச்சிய மருந்தை, மேசையைத் தொடும் முன் குடியுங்கள். ஒரே பொருளில் இரண்டு விளைவு வேண்டுமென்றால் திறமை 100 ஆகும்வரை பொறுக்க வேண்டும்.

## அறிகுறி 8: மந்திரம் ஏறியது, சேவ் காணோம்

இது விளையாட்டுக்கு வெளியே நடக்கும் கோளாறு. கத்திரி வெயில் நாட்களில் எங்கள் தெருவில் சாயங்காலம் ஆறேழு மணிக்கு எல்லா வீட்டிலும் ஏசி ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் இறங்கும். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பை நேரடியாக பிளக்கில் ஓட்டினால், விளக்கு ஒருமுறை மினுக்கினாலே திரை கருத்துவிடும். சேவ் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் அப்படி நடந்தால் அந்தக் கோப்பு கெட்டுப்போகும்.

முதல் வேலை, ஒரே சேவை நம்பாதீர்கள். பெயர் மாற்றி இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஓபன்எம்டபிள்யூவில் எஃப்5 சேவ் எத்தனை இருக்கலாம் என்பதற்கும் ஒரு செட்டிங் உண்டு. முதலில் அது 1 என்று இருக்கும், 3 ஆக்குங்கள்.

அசல் விளையாட்டை விண்டோஸில் ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவியவர்களுக்கு சேவ் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. விண்டோஸ் அங்கே எழுத விடாமல், விர்ச்சுவல் ஸ்டோர் என்ற இன்னொரு ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்திருக்கும். அங்கே தேடுங்கள். பிறகு விளையாட்டை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.

மின்சாரம் சீராக இருந்தும் மெஷின் நடுவில் அணைகிறதா? வேறு விளையாட்டோ வீடியோவோ ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதிலும் அணைந்தால் மாரோவிண்டைக் குறை சொல்ல வேண்டாம், சூடுதான். அடியில் இருக்கும் காற்றுத் துளைகளைப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை இப்படித்தான் ஆனது. கொண்டுபோன கடையில் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். மனசு கேட்காமல் ரிச்சி தெருவில் இன்னொருவரிடம் காட்டினேன். அவர் ஃபேனைக் கழற்றினார். உள்ளே பஞ்சுபோல் தூசி அடைத்திருந்தது, பிரஷ்ஷால் தட்டி எடுத்து, புதுப் பேஸ்ட் போட்டு மூடினார். அதற்குப் பிறகு அணையவே இல்லை. பெரிய செலவு சொன்னால் இரண்டாவது ஆளிடம் காட்டாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்களே பார்க்கக் கூடாதவை இரண்டு. பேட்டரி உப்பி, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், அப்படியே கடைக்கு எடுத்துப் போங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் முதலில் சேவ் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓபன்எம்டபிள்யூ என்றால் டாக்குமென்ட்ஸ், மை கேம்ஸ், ஓபன்எம்டபிள்யூ, சேவ்ஸ் என்று போனால் கிடைக்கும். எடுத்த பிறகு மெஷினை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்.